சிசேரியன் மேசையில் விஆர் கண்ணாடி: தலைமாட்டில் நிற்பவருக்கு

முதுகில் விறைப்பு ஊசி போட்ட பிறகு தாய் நித்திரை கொள்வதில்லை. நெஞ்சுக்குக் கீழே விறைத்துப்போயிருக்கும். கண்ணும் காதும் மூக்கும் முழு விழிப்பில் இருக்கும். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாமல், கூரை விளக்கைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் கிடக்கிறாள். உறிஞ்சும் குழாயின் சத்தம் கேட்கிறது. இரத்தக் கசிவைச் சுட்டு நிறுத்தும்போது கருகல் மணம் வருகிறது. நமது அரச வைத்தியசாலைகளில் பெரும்பாலும் அவளுடைய கணவனையோ அம்மாவையோ தியேட்டருக்குள் விடுவதில்லை. அவளோடு கதைக்க இருப்பது மயக்க மருந்து வைத்தியரும் தலைமாட்டில் நிற்கும் தாதியும்தான்.

இந்தக் கட்டுரை அந்தத் தலைமாட்டில் நிற்பவருக்கு. நீங்கள் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் தாதிய உத்தியோகத்தராக இருக்கலாம், பருத்தித்துறையில் இருக்கலாம், யாழ். போதனா வைத்தியசாலையில் பயிற்சி வைத்தியராக இருக்கலாம். கண்ணை மூடி வேறொரு உலகத்தைக் காட்டும் விஆர் கண்ணாடி பற்றிக் கேள்விப்பட்டு, ‘இதை எங்கட தியேட்டரில் செய்து பார்க்கலாமே’ என்ற எண்ணம் வந்திருக்கும். நல்ல எண்ணம். ஆனால் பயத்தைக் குறைப்பதில் கருவியின் பங்கு சிறிது. அதை யாருக்குப் போடுவது, எந்த நிமிடத்தில் கழற்றுவது என்று தெரிந்த ஆளின் பங்குதான் பெரிது. அந்த ஆளாகத் தேர்ச்சி பெறுவது எப்படி என்பதே இங்கே பேச்சு.

பயத்துக்கு மருந்து கொடுத்தால் என்ன? மற்றச் சத்திரசிகிச்சைகளுக்கு முன் மிடசோலம் போன்றவற்றைக் கொடுப்பதுண்டு. சிசேரியனில் பிள்ளை வெளியே வரும்வரை அதைத் தவிர்க்கவே பார்ப்பார்கள். மருந்து தாயின் இரத்தத்திலிருந்து பிள்ளைக்கும் போகும். பிறந்த பிள்ளை சோர்ந்து கிடக்கலாம், தாய்க்கும் பிள்ளையை முதன்முதல் கண்ட ஞாபகம் மங்கிப்போகலாம். அதனால்தான் மருந்தில்லாத வழிகளுக்கு இங்கே இவ்வளவு மதிப்பு. இலங்கையில் இது ஒருசிலரின் பிரச்சினையும் அல்ல. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஏறக்குறைய மூன்றிலொரு பிரசவம் சிசேரியன்.

நிபுணர் கேட்கப்போகும் முதல் கேள்வி

இந்த யோசனையோடு மகப்பேற்று நிபுணரின் அறைக்குப் போனால் ‘எவிடன்ஸ் இருக்கா?’ என்று கேட்பார். பதிலோடு போங்கள்.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹன்டர் ஹொஃப்மனும் டேவிட் பற்றர்சனும் 1990களில் இதைத் தொடக்கிவைத்தார்கள். தீக்காயத்துக்கு மருந்து கட்டும்போது நோயாளிக்குப் பனி உலகம் ஒன்றைக் காட்டினார்கள். மனதின் கவனம் எல்லையுள்ளது; அதில் பெரும்பங்கைப் பனி எடுத்துக்கொண்டால் வலிக்குக் கிடைப்பது மிச்சம்தான். லொஸ் ஏஞ்சல்ஸின் சீடார்ஸ்-சைனாய் வைத்தியசாலையில் பிரசவ வலியோடு இருந்த, முதற் பிள்ளை பெறும் 40 பெண்களிடம் அரை மணி நேரம் சோதித்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் குறைந்த வலியைச் சொன்னார்கள். அந்த முடிவு 2021இல் வெளிவந்தது. சிசேரியன் நடக்கும்போதே பயன்படுத்திய ஆய்வு ஒன்று சவூதி அரேபியாவின் நஜ்ரானில் நடந்தது. 2022இல் வெளியான அந்த ஆய்வில் தாய்மாரின் பதற்றமும் மன அழுத்தமும் குறைந்திருந்தன.

இவற்றை மட்டும் சொல்லிவிட்டு எழும்பி வராதீர்கள். நெதர்லாந்தில் திட்டமிட்ட சிசேரியனுக்கு வந்த 97 பெண்களில் ஒரு பகுதியினருக்கு, அவர்கள் வந்த வைத்தியசாலையில் சிசேரியன் எப்படி நடக்கும் என்பதை 360 பாகை வீடியோவாக முன்கூட்டியே காட்டினார்கள். 2019இல் வந்த முடிவு: மொத்தத்தில் பதற்றம் குறையவில்லை. முன்பு அவசர சிசேரியனுக்கு உட்பட்ட பெண்களிடம் மட்டும் குறையும் போக்குத் தெரிந்தது. நான்கிலும் நமக்கு அதிகம் சொல்லித்தருவது இந்த ஆய்வுதான் என்பது என் எண்ணம். இரவில் ஓட்டமும் நடையுமாகத் தியேட்டருக்குக் கொண்டுபோகப்பட்டு, என்ன நடந்தது என்று பிறகுகூட எவரும் விளங்கப்படுத்தாத ஒரு பெண், இரண்டாவது பிள்ளைக்குத் திகதி குறித்துக்கொண்டு வருகிறாள். அவளுடைய பயம் அனுபவத்திலிருந்து வந்தது. கிளினிக் அட்டையைப் புரட்டி அவளைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் முதல் முயற்சி அவளோடு தொடங்கட்டும்.

யாருக்குப் போடக்கூடாது

அவசர சிசேரியனுக்கு வேண்டாம். அங்கே ஒவ்வொரு கைக்கும் வேறு வேலை உண்டு. முழு மயக்கம் கொடுப்பவர்களுக்குத் தேவையில்லை. வலிப்பு வந்தவர்களுக்கு வேண்டாம். கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் கடுமையாகி, வலிப்பு வரக்கூடும் என்று கவனிக்கப்படும் தாய்க்குக் கட்டாயம் வேண்டாம். அவளிடம் தலையிடியும் கண் மங்கலும் ஆபத்தின் அறிகுறிகள். கண்ணாடியும் அதே இரண்டையும் உண்டாக்கக்கூடும். எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியாமல் போனால் விலை பெரிது.

மற்றவர்களிடம் ஒரு கேள்வி போதும்: “பஸ்ஸிலை தூரம் போனால் சத்தி வாறதோ?” ஓம் என்றால் அசையாத காட்சியை மட்டும் காட்டுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும் என்று குவெஸ்ற் கண்ணாடியைத் தயாரிக்கும் மெற்றா நிறுவனமே தன் பாதுகாப்புக் குறிப்பில் எழுதியிருக்கிறது. ஆகவே மயக்க மருந்து வைத்தியரின் சம்மதம் வாய்ச்சொல்லாக இல்லாமல் நோயாளி ஏட்டில் எழுத்தாக இருக்கட்டும்.

போடுவதும் கழற்றுவதும்

முதலில் நீங்களே மேசையில் மல்லாக்கப் படுத்து, கண்ணாடியைப் போட்டு 20 நிமிடம் இருந்து பாருங்கள். இதைச் செய்யாமல் எந்தத் தாய்க்கும் போட வேண்டாம். குவெஸ்ற் 3 கண்ணாடியின் நிறை 515 கிராம். நிற்கும்போது தலை தாங்கும் அந்த நிறை, படுத்தவுடன் மூக்கிலும் கன்ன எலும்பிலும் இறங்கும். பின்பக்கப் பட்டி பிடரியில் குத்தும். கொண்டை போட்டிருந்தால் இன்னும் மோசம். தலைமயிரை இரண்டாகப் பின்னி, முன்னே எடுத்துவிட்டு, தொப்பியைப் போட்ட பிறகே பட்டியை மாட்ட வேண்டும். காட்சியையும் திருப்பி அமைக்க வேண்டும். இல்லையென்றால் அவள் கூரையைப் பார்க்கும்போது வானம் மட்டும் தெரியும், கடல் கால்மாட்டில் கிடக்கும்.

அவளுடைய ஒரு கையில் பிறஷர் பார்க்கும் பட்டி, மற்றக் கையில் சேலைன். அழுத்து, பிடி, சுடு என்று கேட்கும் விளையாட்டு எதுவும் சரிவராது. தானாக ஓடும் காட்சி வேண்டும். தொடக்குவதும் நிறுத்துவதும் உங்கள் கையில். சத்தம் மெதுவாக இருக்கட்டும், ஒரு காதாவது திறந்திருக்கட்டும். மயக்க மருந்து வைத்தியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளுக்குக் கேட்க வேண்டும்.

எப்போது தொடங்குவது? பெரிய பயம் தியேட்டருக்குள் இல்லை, தியேட்டர் வாசலில்தான் என்று நினைக்கிறேன். இரவிலிருந்து சாப்பிடாமல், தனக்கு முன் போன இரண்டு பேரும் வெளியே வரும்வரை தள்ளுவண்டியில் காத்துக்கிடக்கும் நேரம் அது. அங்கே கண்ணாடி போடுவது பாதுகாப்பும்கூட. ஊசி போடவில்லை, இரத்த அழுத்தம் விழவில்லை, கழற்றி எழும்பி இருக்கலாம். புதிதாகத் தொடங்கும் எவரும் சில மாதங்களுக்கு வாசலோடு நிற்பதுதான் நல்லது.

உள்ளே போடுவதானால் முதுகு ஊசிக்குப் பிறகு உடனே வேண்டாம். குளிர் வைத்துப் பார்த்து, விறைப்பு மார்பு மட்டம்வரை ஏறிவிட்டது என்று வைத்தியர் உறுதிசெய்து, இரத்த அழுத்தம் நிலைத்த பிறகுதான். ஊசிக்குப் பின்வரும் முதல் நிமிடங்களில் அழுத்தம் விழும், அதன் முதல் அடையாளம் பல வேளை ஓங்காளம். கண்ணாடி போட்ட தாய் ‘சத்தி வருது’ என்றால் ‘விஆரால்தான்’ என்று நினைத்துக் காட்சியை மாற்றிக்கொண்டு நிற்காதீர்கள். கழற்றுங்கள், வைத்தியருக்குச் சொல்லுங்கள், மொனிற்றரில் அழுத்தத்தைப் பாருங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம்.

அனுபவமுள்ள தாதி தாயின் முகத்தைப் பார்த்தே பாதி விஷயம் அறிவார். உதடு வெளிறுவது, நெற்றி சுருங்குவது, சத்தமில்லாமல் கண்ணீர் காதோரம் வழிவது. கண்ணாடி அந்த முகத்தில் பாதியை மூடிவிடுகிறது. கருவியின் மிகப்பெரிய குறை இதுதான், விற்பவர் எவரும் இதைச் சொல்லமாட்டார். ஆகவே முகம் தராததை வாயால் கேட்டு எடுக்க வேண்டும். தோளில் கையை வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கதைக்க வேண்டும். ஊசிக்கு முன்னமே பேசி வைத்திருங்கள்: “பிள்ளை, வயித்திலை ஆரோ அமத்துற மாதிரியும் இழுக்கிற மாதிரியும் இருக்கும். அது சரி. நோ இருந்தால் உடனை சொல்லுங்கோ. சொல்ல ஏலாட்டில் கையைத் தூக்குங்கோ, நான் உடனை கழட்டிவிடுவன்.” நோகுது என்று அவள் சொன்னால் அது விறைப்பு ஊசியின் பிரச்சினை. மயக்க மருந்து வைத்தியர்தான் தீர்க்க வேண்டும். காட்சியால் வலியை மறைக்கப் பார்ப்பது அவளுக்குச் செய்யும் துரோகம்.

பிள்ளையை எடுக்கும் நேரம் நெருங்குகிறது என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொன்னதும் கழற்றுங்கள். வெட்டத் தொடங்கிப் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் அந்த நேரம் வந்துவிடும். பிள்ளையின் முதல் அழுகையை அவள் கண்ணைத் திறந்துகொண்டு கேட்கட்டும். பிள்ளையைத் துடைத்து நெஞ்சில் வைக்க முடிந்தால் வையுங்கள். முதல் மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தைப்பதற்குத்தான் அதிக நேரம் எடுக்கும், அப்போது திரும்பப் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். பிள்ளை பக்கத்தில் இருந்தால் வேண்டாம். பிள்ளையைச் சிசு விடுதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், தாய் தானே கேட்கிறாள் என்றால் போடுங்கள்.

என்ன காட்டுவது

கண்ணாடியோடு வரும் காட்சிகள் பெரும்பாலும் பவளப்பாறை, பனிமலை, வெளிநாட்டுக் காடு. அவை மோசமில்லை. ஆனால் கீரிமலைக் கடலும், காரைநகர் கசூரினாவின் ஆழமில்லாத நீரும், விடியற்காலைப் பனங்கூடலும் இங்கேயே இருக்கின்றன. 360 பாகைக் கமரா ஒன்றை முக்காலியில் நிறுத்தி, அசையாமல், 20 நிமிடம் எடுத்தால் போதும்.

ஆனால் எல்லோருக்கும் கடல் சுகமாக இருக்காது. வடமராட்சி கிழக்கில் 2004 சுனாமியில் உறவுகளை இழந்தவர்கள் இருக்கிறார்கள். வலிகாமம் வடக்கு 1990இல் இடம்பெயர்ந்தது. இன்று தெல்லிப்பழைக்குப் பிள்ளை பெற வரும் பெண்களில் பலர் ஊருக்கு வெளியே, வாடகை வீட்டிலோ நலன்புரி முகாமிலோ பிறந்து வளர்ந்தவர்கள். மேலிருந்து ட்ரோனால் எடுத்த காட்சி ஒருத்திக்கு அழகு, இன்னொருத்திக்கு நெஞ்சிடி. திடீர்ச் சத்தம், வெடி, இருட்டு எதுவும் வேண்டாம். மூன்று நான்கு காட்சிகளை முதல் நாளே விடுதியில் காட்டி அவளையே தெரிவுசெய்ய விடுங்கள். கோவில் வீதியைக் கேட்பவளுக்கு அதுவும், வேறு சமயத்தவளுக்கு அவள் விரும்புவதும் இருக்கட்டும்.

இந்த விஷயத்தில் தெல்லிப்பழைக்காரருக்கு ஒரு வசதி உண்டு. பெயர்பெற்ற உளநலப் பிரிவு ஒன்று அதே வைத்தியசாலையில் இருக்கிறது. போர் மனதில் விட்ட காயங்களைப் பற்றி 1998இல் ‘ஸ்கார்ட் மைன்ட்ஸ்’ நூலை எழுதிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் பணியாற்றிய இடம் அது. உங்கள் காட்சிகளை அங்குள்ளவர்களிடம் ஒருமுறை காட்டி, எது ஆரைக் குழப்பும் என்று கேட்டுவிட்டுத் தியேட்டருக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொரு வீடியோவும் எடுங்கள்: உங்கள் தியேட்டரைப் பற்றியது. விடுதியிலிருந்து தள்ளுவண்டி போகும் வழி, கதவு, மேசை, குளிர், குனிந்து இருக்கச் சொல்லி முதுகில் ஊசி போடும் இடம், திரை. நோயாளி எவரும் இல்லாத நாளில் எடுத்து, நம் பேச்சுத்தமிழில் ஒரு பெண் குரலால் விளக்கம் கொடுங்கள். மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மகப்பேறு உட்பட மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்து, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஐந்து நிமிட வீடியோவுக்கு நாம் மொழி தேடி அலைய வேண்டியதில்லை.

அந்த வீடியோ முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் இருங்கள். உண்மையான கேள்விகள் அப்போதுதான் வரும். “முதுகிலை ஊசி போட்டால் காலம் முழுக்க நாரி நோவாமே, மிஸ்?” கர்ப்பமும் பிள்ளை தூக்குவதும் பாலூட்டக் குனிவதும் நாரி நோவைத் தரும், ஊசி போட்ட இடம் சில நாள் நோகலாம், நெடுங்கால நாரி நோவுக்கு ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. இதை எந்தக் கண்ணாடியும் சொல்லாது. “விறைக்க முன்னம் வெட்டிப்போடுவினமோ?” என்பது அடுத்த கேள்வி. விறைத்துவிட்டதா என்று பார்க்காமல் வெட்டமாட்டார்கள் என்பதையும், எப்படிப் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

அனுமதி, துடைத்தல், பணம்

ஒழுங்கு இதுதான். மகப்பேற்று நிபுணரும் மயக்க மருந்து நிபுணரும் சம்மதித்த பிறகு வைத்திய அத்தியட்சகருக்குக் கடிதம். கருவியை எவராவது அன்பளிப்பாகத் தந்தாலும் வைத்தியசாலை இருப்புப் பதிவில் ஏற்ற வேண்டும். தியேட்டருக்குள் போக முன் உயிர்மருத்துவப் பொறியியல் பிரிவினர் பார்க்க வேண்டும். கண்ணாடியின் வெளிப்புறத்தில் கமராக்கள் இருக்கின்றன என்பதைப் பலர் யோசிப்பதில்லை. காட்சிகளை முன்பே இறக்கி வைத்து, வைஃபையை நிறுத்தி, பதிவுசெய்யும் வசதியை மூடிய பிறகே உள்ளே கொண்டுபோங்கள். தாய் கண்ணாடியோடு கிடக்கும் படத்தை முகநூலில் போடும் ஆசை எவருக்கும் வரக்கூடாது, வைத்தியசாலையின் பெயர் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகக்கூட.

முகம் படும் இடத்துக்குக் கழுவக்கூடிய சிலிக்கோன் உறையை வாங்குங்கள். ஒவ்வொரு தாய்க்கும் புதிய மெல்லிய உறை. கிருமிநீக்கித் துடைப்பானால் உறையையும் பட்டியையும் துடைக்கலாம், ஆனால் வில்லைகளில் மதுசாரம் படக்கூடாது. துணிப்பட்டியில் இரத்தம் பட்டால் கழற்றிச் சலவைக்கு.

பணம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 2011இல் தெற்கே தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக்காக நிதி திரட்டினார்கள். நோக்கம் தெளிவாக இருந்தால் ஊரும் புலம்பெயர்ந்தோரும் பழைய மாணவர் சங்கங்களும் ஒரு கண்ணாடிக்கு முன்வருவார்கள். கேட்கும்போது புற்றுநோய்ப் பிரிவையும் சேர்த்துக் கேளுங்கள். கீமோதெரபி ஏறும் நேரம் விஆர் போட்டவர்களுக்குக் குறுகித் தெரிகிறது என்று 2000களிலேயே அமெரிக்காவில் கண்டார்கள். சிசேரியன் பட்டியல் இல்லாத நாட்களில் அதே கண்ணாடி அங்கே வேலை செய்யும், ஒரு கருவிக்கு இரண்டு பிரிவுகள் பொறுப்பாகும்.

உங்கள் பெயரில் ஒரு வேலை

நல்ல காரியம் செய்தோம் என்பது பதவி உயர்வு நேர்முகத்தில் நிற்காது. எழுதி வைத்தது நிற்கும். முதல் தாய்க்கு முன்பே அளவுகோலைத் தெரிவுசெய்யுங்கள். பூச்சியத்திலிருந்து பத்துவரை எவ்வளவு பயம் என்று கேட்கும் கோடு எளியது. சத்திரசிகிச்சைக்கு முந்திய பதற்றத்துக்கென்றே 1996இல் வெளியான அம்ஸ்ரர்டாம் அளவுகோலில் ஆறே கேள்விகள். விடுதி வேலைக்கு நடுவே கேட்டு முடிக்கலாம். காலையில் ஒருமுறை, தியேட்டர் வாசலில் ஒருமுறை, அடுத்த நாள் விடுதியில் ஒருமுறை கேளுங்கள். அடுத்த நாள் கேள்வியை, கண்ணாடி போட்ட ஆளே கேட்கக்கூடாது. உங்கள் முகத்துக்காக ‘நல்லா இருந்தது மிஸ்’ என்றுதான் சொல்வார்கள்.

சேவை மேம்பாடாகச் செய்தால் வைத்தியசாலையின் தர முகாமைத்துவப் பிரிவோடு சேருங்கள். ஒரு குழுவுக்குப் போட்டு, மற்றதற்குப் போடாமல் ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் அது ஆய்வு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் நெறிமுறைக் குழுவின் அனுமதியும், இலங்கை மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவும் முதல் தாயைச் சேர்க்க முன்பே வேண்டும். பின்னால் போய் அனுமதி வாங்க முடியாது. தாதியர் பட்டப்படிப்பில் இருப்பவருக்கு இது கைக்கடக்கமான ஆய்வுத் தலைப்பு. வழிகாட்ட ஒரு விரிவுரையாளரையும், கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவரையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். யாழ் மருத்துவ சங்கத்தின் அமர்வுகளில் சிறிய ஆய்வுக்கும் இடம் கேட்கலாம்.

பதிவுக் கொப்பியில் ஐந்து நிரல் போடுங்கள்: போட்ட நேரம், கழற்றிய நேரம், கழற்றிய காரணம், அப்போதைய இரத்த அழுத்தம், தாய் சொன்ன வார்த்தை. வேண்டாம் என்று மறுத்தவர்களையும், ஏன் மறுத்தார்கள் என்பதையும் அதே கொப்பியில் எழுதுங்கள். அமர்வில் வைக்கும் சுவரொட்டியிலும் மறுத்தவர்களின் எண்ணிக்கையை மேலேயே போடுங்கள். அதே கருவியை அடுத்த வருடம் மன்னாரிலோ மட்டக்களப்பிலோ தொடங்கப்போகும் தாதி முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.